தேய்மானம் என்னும் சொல்லும் தேறக்கூடிய முதுகும்

முதுகுவலிக்காக எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் பெரும்பாலோர் வெறுங்கையுடன் வருவதில்லை. கறுப்புப் படங்கள் அடங்கிய பெரிய உறை ஒன்று கையில் இருக்கும். வலி எங்கே, எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது என்று நாங்கள் கேட்குமுன்பே அந்த உறை மேசைமீது வந்துவிடும். "நாலாவது எலும்பும் அஞ்சாவது எலும்பும் தேய்ந்துவிட்டதாம்", "ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம்", "இனிமேல் குனியவே கூடாதாம்" என்று நோயாளியோ உடன் வந்தவரோ சொல்லத் தொடங்குவார். அந்த 'ஆம்' என்னும் ஈறு கவனிக்கத்தக்கது. தம் சொந்த உடலைப் பற்றிய செய்தியையே, ஊரில் யாரோ சொல்லக் கேட்ட செய்தியைப் போல ஒருவர் எடுத்துரைக்கும் நிலை அது.

அதே நோயாளியின் கைப்பேசியில் வேறொரு செய்தியும் இருக்கும். ஊசி இல்லை, மாத்திரை இல்லை, அறுவை இல்லை. ஒரு வாரத்தில் முதுகுவலி அடியோடு நீங்கும் என்று கூறி ஓர் எண்ணெயையோ பொடியையோ விற்கும் காணொலி அது. ஒரு தாள் 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்கிறது. ஒரு விளம்பரம் 'நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டா, பணம் கட்டினால் போதும்' என்கிறது. இரண்டுமே தவறு என்பது எங்கள் கருத்து. முன்னதால் விளையும் கேடு பெரிது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறோம்.

தேய்மானம் என்பது கணக்குப் பதிவியலில் வழங்கும் சொல். தொழிற்கூடத்தில் ஓர் இயந்திரத்தை வாங்கினால், ஆண்டுதோறும் அதன் மதிப்பு இவ்வளவு குறைகிறது என்று ஏட்டில் கழித்து எழுதுவர். வண்டியின் டயருக்கும் காற்செருப்புக்கும் இச்சொல் பொருந்தும். ஓட ஓட அவை தேயும், தேய்ந்தது மீளாது, ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் நெடுநாள் உழைக்கும். உயிருள்ள முதுகெலும்புக்கு இக்கணக்கு பொருந்தாது. எலும்பு, தன்மீது சுமை ஏறும்போது உறுதிப்படுகிறது. சுமையே இல்லாதபோது மெலிகிறது. தசையும் அவ்வாறே. முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டு, அதாவது மக்கள் ஜவ்வு என்று குறிப்பிடும் பகுதி, தனக்கென இரத்தக் குழாய்கள் ஏறத்தாழ இல்லாத ஒன்று. மேலும் கீழுமுள்ள எலும்புத் தட்டுகளின் வழியாக ஊறி வரும் ஊட்டத்தைக் கொண்டே அது வாழ்கிறது. அசைவும் சுமை மாறுதலும் அதன் நீர்ப்பரிமாற்றத்தின் இயல்பான பகுதி. இத்தகைய உறுப்பைச் செருப்போடு ஒப்பிட்டு, 'இனி நடக்காமல் பாதுகாத்துக்கொள்ளுங்கள்' என்று அறிவுறுத்துவது பொருத்தமற்றது.

ஸ்கேன் தாளில் எழுதப்பட்டிருப்பது பொய்யா என்று உடனே கேட்பீர்கள். பொய்யன்று. அது எவ்வளவு பொதுவானது என்பது அத்தாளில் எழுதப்படுவதில்லை என்பதே குறை. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் படங்களைப் பற்றிய 33 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரையொன்று 2015இல் அமெரிக்க நரம்புக் கதிரியல் இதழில் வெளியானது. வலி சிறிதும் இல்லாதவர்களிலேயே, 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கு வட்டில் தேய்வு காணப்பட்டது. 50 வயதினரில் அது 80 விழுக்காடு. 80 வயதினரில் 96 விழுக்காடு. வட்டுப் பிதுக்கம் 20 வயதில் 30 விழுக்காட்டினருக்கும் 50 வயதில் 60 விழுக்காட்டினருக்கும் இருந்தது. அஃதாவது, 50 வயதைக் கடந்த ஒருவரின் படத்தில் தேய்வு எதுவும் இல்லையென்றால் அதுதான் வியப்பு. தலைமுடி நரைப்பதை நாம் நோயென்று எழுதி உறையிலிட்டுக் கொடுப்பதில்லை. முள்ளெலும்பில் தோன்றும் நரைக்கு மட்டும் அச்சமூட்டும் ஒரு பெயரை வைத்திருக்கிறோம்.

படம் தேவையற்றது என்று இதற்குப் பொருளன்று. காய்ச்சல், விபத்து, காலில் வலுவிழப்பு முதலியன இருக்கும்போது படம் உயிர் காக்கும். அவற்றைப் பற்றிப் பின்னர் எழுதுகிறோம். அவை எதுவும் இல்லாத வலியில், வலியின் கடுமையைப் படம் அளந்து காட்டாது. மிக மோசமான படத்தை வைத்துக்கொண்டு வயலில் களை பறிப்பவர் உண்டு. ஏறத்தாழக் குறையற்ற படத்தை வைத்துக்கொண்டு படுக்கையிலிருந்து எழ இயலாதவரும் உண்டு.

இயற்கையாகக் குணமாதல் என்னும் தொடர், விளம்பரக்காரர்களின் கையில் மிகவும் நைந்துவிட்ட ஒன்று. ஆயினும் அதன் அடியில் உண்மையான உடலியல் இருக்கிறது. வட்டின் உள்ளிருக்கும் கூழ்போன்ற பகுதி கிழிசல் வழியே வெளியே வந்து நரம்பை அழுத்தும்போது இடுப்பிலிருந்து காலுக்கு வலி பாய்கிறது. வெளிவந்த அப்பகுதி அங்கேயே கல்லாய்க் கிடக்கும் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் உடல் அதை அயற்பொருளாகக் கருதத் தொடங்குகிறது. அதைச் சுற்றிப் புதிய நுண்குழாய்கள் முளைக்கின்றன. வெள்ளணுக்களில் ஒருவகையான விழுங்கணுக்கள் வந்து அதைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றன. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, வட்டிலிருந்து முற்றிலும் துண்டாகிப் பிரிந்த பகுதிகளில் 96 விழுக்காடும், வெளியே வழிந்து நிற்பவற்றில் 70 விழுக்காடும் தாமாகவே சுருங்கின. வட்டு இலேசாகப் புடைத்திருக்கும் நிலையிலோ 13 விழுக்காடே சுருங்கியது. படத்தில் பார்ப்பதற்கு மிக அச்சந்தரும் பிதுக்கமே கரைவதற்கு மிகுந்த வாய்ப்புள்ளது என்பது நோயாளிகள் பலருக்கும் நம்பக் கடினமாக இருக்கிறது. வலி பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்களுக்குள் கணிசமாகத் தணிந்துவிடுகிறது. படத்தில் மாற்றம் தெரிய அதைவிட நெடுநாளாகலாம். எனவே வலி குறைந்தவர் 'ஜவ்வு உள்ளே போய்விட்டதா' என்று பார்ப்பதற்காக மட்டும் மீண்டும் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை.

மூன்று மாதங்களைக் கடந்த வலியின் கதை சற்று வேறு. அங்கே திசுவில் நேர்ந்த காயம் ஓரளவு ஆறியிருக்கும். நரம்பு மண்டலம் மட்டும் அமைதியடைந்திருக்காது. வாசலில் கட்டிய நாயை எண்ணிப் பாருங்கள். ஒருமுறை திருடன் வந்து போன வீட்டில், அது மறுநாள் பால்காரரைக் கண்டும் குரைக்கும். ஒரு மாதம் கழித்து வீட்டுக்காரரின் செருப்போசைக்கே குரைக்கும். குரைப்பு மெய், நாய் நடிக்கவில்லை. திருடன் மட்டும் இல்லை. நாள்பட்ட முதுகுவலியும் இத்தகையதே. வலி மெய்யானது; அதை உணர்பவர் கற்பனை செய்யவில்லை. ஆனால் குனிவதாலும் நடப்பதாலும் ஏற்படும் அந்த வலி, ஒவ்வொரு முறையும் புதிய சேதம் நிகழ்கிறது என்பதற்குச் சான்றாகாது. இந்த வேறுபாட்டை நோயாளி உணர்ந்துகொள்வதே சிகிச்சையின் பாதி என்று நாங்கள் கருதுகிறோம். அமெரிக்காவில் நாள்பட்ட முதுகுவலியுடைய 151 பேரிடம் நிகழ்ந்து 2022இல் வெளியான ஆய்வொன்றில், தம் வலியை ஆபத்தற்ற ஒன்றாக மீண்டும் புரிந்துகொள்ளப் பயிற்சி பெற்றவர்களில் 66 விழுக்காட்டினர் நான்கு வாரச் சிகிச்சைக்குப் பின் வலியற்றவராகவோ ஏறத்தாழ வலியற்றவராகவோ ஆயினர். வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தவர்களில் அந்நிலையை எட்டியோர் 10 விழுக்காடு. ஒரே ஆய்வைக் கொண்டு எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணுதல் கூடாது. ஆயினும் புரிதலுக்கும் மருந்தின் வலு உண்டென்பதை அது காட்டுகிறது.

அச்சம் என்ன செய்கிறது என்பதை வீடுகளில் காணலாம். 'குனியாதே' என்று சொல்லப்பட்ட பெண்மணி கோலமிடுவதை நிறுத்துகிறார். பிறகு தரையில் அமர்வதை நிறுத்துகிறார். பிறகு கோயிலுக்கு நடந்து போவதை. பிறகு பேரக்குழந்தையைத் தூக்குவதை. ஒவ்வொன்றையும் விடும்போது வலி ஒரு நாள் குறைந்தாற்போலத் தோன்றும். ஆறு மாதம் கழித்து முதுகுத் தசை மெலிந்து, மூச்சுத் தாங்காமல், முன்பு கோலமிட்டபோது வந்த வலி இப்போது நாற்காலியிலிருந்து எழும்போதே வருகிறது. அதைக் கண்டு 'தேய்மானம் கூடிவிட்டது' என்று முடிவு செய்கின்றனர். கூடியது தேய்மானமன்று; ஓய்வு.

ஓய்வைப் பற்றிய அறிவு புதியதுமன்று. பின்லாந்தின் ஹெல்சிங்கி மாநகர ஊழியர்கள் 186 பேரிடம் நடத்தப்பட்டு 1995இல் வெளியான ஆய்வில், திடீர் முதுகுவலி வந்தவர்களில் ஒரு பகுதியினர் இரண்டு நாள் படுக்கை ஓய்வும், ஒரு பகுதியினர் முதுகுப் பயிற்சிகளும், மற்றவர்கள் வலி அனுமதிக்கும் அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்வதும் என்று பிரிக்கப்பட்டனர். அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினர். மிகவும் தாமதமாகத் தேறியவர்கள் படுத்திருந்தவர்கள். இது வெளிவந்து 30 ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் 'மூன்று வாரம் முழு ஓய்வு' என்று எழுதிய சீட்டுகள் எங்கள் பிரிவுக்கு வந்தவண்ணம் உள்ளன.

அப்படியாயின் எதைச் செய்வது? எங்களுக்கு மிகவும் நம்பிக்கையளிப்பது நடை. ஆஸ்திரேலியாவில் முதுகுவலியிலிருந்து அண்மையில் தேறிய 701 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இயன்முறை மருத்துவரின் வழிகாட்டுதலோடு படிப்படியாகக் கூட்டும் நடைப்பயிற்சியும் வலியைப் பற்றிய கல்வியும் அளித்தனர். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் என்பது ஆறு மாதத்துக்குள் எட்ட வேண்டிய இலக்கு. 2024இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவின்படி, நடக்காத பிரிவில் வலி மீண்டும் தலைகாட்ட இடைநிலையாக 112 நாளாயிற்று. நடந்த பிரிவில் 208 நாளாயிற்று. நடைக்கு விலையில்லை, விளம்பரமும் இல்லை. அதனால்தானோ என்னவோ, மருத்துவர் அதைச் சொல்லும்போது 'அவ்வளவுதானா, வேறொன்றும் எழுதித் தரவில்லையா' என்னும் ஏமாற்றம் நோயாளியின் முகத்தில் தெரிகிறது.

நடையிலும் ஒரு முறை உண்டு. முதல் நாளிலேயே அரைமணி நேரம் நடந்து, மறுநாள் எழ இயலாமல், 'நடை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று விட்டுவிடுவோர் பலர். உங்களால் வலி பெருகாமல் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று முதலில் பாருங்கள். பத்து நிமிடமென்றால் எட்டு நிமிடத்தில் தொடங்குங்கள். வேண்டுமானால் காலையும் மாலையுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சில நாளுக்கொருமுறை ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். வலி குறைவாயிருக்கும் நாளில் கூடுதலாக நடக்காதீர்கள். வலி சற்றே கூடிய நாளில் முற்றிலும் நிறுத்தாதீர்கள். இவ்விரண்டாவது விதியைவிட முதல் விதியைக் கடைப்பிடிப்பதே கடினம். நல்ல நாள் வந்தவுடன் வீடு முழுவதையும் கழுவி, பரணிலுள்ள பாத்திரங்களை இறக்கி, அடுத்த மூன்று நாளைப் படுக்கையில் கழிப்பது எங்கள் நோயாளிகளிடம், குறிப்பாகப் பண்டிகைக்கு முந்தைய வாரங்களில், நாங்கள் அடிக்கடி காணும் நிகழ்வு. பயிற்சிக்குப் பின் வரும் சிறு வலி, மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிடுமானால் அஞ்ச வேண்டியதில்லை. திரும்பாவிட்டால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்த வேண்டா.

நடைக்கு நேரமில்லாதவர்களைப் பற்றியும் எண்ண வேண்டும். வாழ்க்கைமுறை மாற்றம் என்று மருத்துவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அம்மாற்றத்துக்குரிய விலையை எல்லோராலும் செலுத்த இயலாது. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்ணுக்கு ஒரு மணி நேர ஓய்வு என்பது ஒரு மணி நேரக் கூலி. வாடகைக்கு ஆட்டோ எடுத்து ஓட்டுபவருக்கும் அப்படியே. அவர்களிடம் 'நீண்ட நேரம் உட்காராதீர்கள்' என்பது அறிவுரையாகாது. ஒரு கட்டுத் துணி தைத்து முடிந்ததும் எழுந்து நின்று இடுப்பைப் பின்னோக்கி நான்கைந்து முறை வளைத்துவிட்டு அடுத்த கட்டை எடுப்பது, சவாரி இறக்கிய ஒவ்வொரு முறையும் வண்டியைவிட்டு இறங்கிச் சில அடிகள் நடப்பது, குடத்தை ஒரே இடுப்பில் சுமக்காமல் மாற்றிச் சுமப்பது ஆகியவை கூலியைக் குறைக்காதவை. 'சரியான' அமரும் முறை என்று ஒன்றைத் தேடி அலைய வேண்டா. எந்த நிலையிலும் நெடுநேரம் மாறாமலிருப்பதே சிக்கல். நிமிர்ந்து விறைப்பாக எட்டு மணி நேரம் உட்காருபவருக்கும் முதுகு வலிக்கும்.

உலகச் சுகாதார நிறுவனம், நாள்பட்ட முதுகுவலியை அறுவையின்றிக் கையாள்வதற்கான வழிகாட்டுதலை 2023 டிசம்பரில் வெளியிட்டது. வலியைப் பற்றிய கல்வி, முறைப்படுத்திய உடற்பயிற்சி, உடல்பிடிப்பு போன்ற சில கைமுறைச் சிகிச்சைகள், எண்ணத்தையும் பழக்கத்தையும் நெறிப்படுத்தும் உளவியல் சிகிச்சை ஆகியன அதில் இடம்பெற்றுள்ளன. இடுப்புப் பெல்ட்டும் எடைகட்டி இழுக்கும் டிராக்ஷன் சிகிச்சையும் வழக்கமாக அளிக்கத் தக்கன அல்ல என்று அது கூறுகிறது. அபினி வகை மாத்திரைகளையும் அது ஏற்கவில்லை. இவற்றுள் பெல்ட்டைக் கைவிடுவதே நம்மூரில் கடினமாயிருக்கும். அறுவைக்குப் பிறகோ எலும்பு முறிவுக்கோ மருத்துவர் குறிப்பிட்ட காலத்துக்கு அணியச் சொன்னது வேறு. கடையில் வாங்கிக் காலைமுதல் இரவுவரை மூன்றாண்டாகக் கட்டிக்கொண்டிருப்பது வேறு. பின்னதை ஒரே நாளில் எறிந்துவிடாமல், நாளுக்குச் சிறிது நேரமாகக் குறைத்து விட்டுவிடலாம்.

யோகாவைப் பற்றிக் கேட்பவர்கள் பலர். பாஸ்டன் நகரில் பெரும்பாலும் குறைந்த வருவாயுடைய 320 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், 12 வார யோகா வகுப்பு, இயன்முறை சிகிச்சைக்குக் குறையாத பயனைத் தந்தது. எனவே யோகா செய்ய விரும்புவோர் தாராளமாகச் செய்யலாம். விரும்பாதோர் நடக்கலாம், நீந்தலாம். எவ்வகைப் பயிற்சி என்பதைவிட அதைத் தொடர்ந்து செய்வீர்களா என்பதே எங்களுக்கு முதன்மை. எண்ணெய் தேய்த்து இதமாகப் பிடித்துவிடுவதற்கும் எங்கள் எதிர்ப்பு இல்லை. அது வலியைத் தற்காலிகமாகத் தணித்து, நடப்பதற்குத் துணிவைத் தருமானால் நன்று. ஆனால் முதுகை முறுக்கி ஓசை வரச்செய்யும் கைவேலையை, எலும்பு மெலிந்த முதியோரிடமோ, காய்ச்சலுடன் முதுகுவலி உள்ளவரிடமோ, காலில் மரமரப்புள்ளவரிடமோ யாரும் செய்தல் கூடாது. பெயரும் உட்பொருளும் அச்சிடப்படாத பொடிகளை நாங்கள் ஒருபோதும் ஏற்பதில்லை. அத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலக்கப்பட்டிருந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. இரண்டே நாளில் வலி பறந்துவிடுவதும், முகம் உப்புவதும், சர்க்கரை ஏறுவதும், நிறுத்தியவுடன் உடல் துவண்டுபோவதும் அதன் அடையாளங்கள். மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் இதற்கு விதிவிலக்கன்று. மாதக்கணக்கில் தின்றால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது பதம்பார்க்கும்.

உணவைப் பற்றிச் சுருக்கமாக: எந்த உணவும் வட்டை வளர்க்காது. புரதமும் கால்சியமும் போதிய அளவில் கிடைப்பது தசைக்கும் எலும்புக்கும் வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்கள் எலும்பின் அடர்த்தியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். புகைபிடிப்பதால் வட்டுக்கு ஊட்டம் தரும் நுண்குழாய்கள் சுருங்குகின்றன. அதை விடுவது முதுகுக்கும் நல்லது.

உறக்கத்தைத்தான் அனைவரும் மறந்துவிடுகின்றனர். வலி உறக்கத்தைக் கெடுக்கும் என்பது தெரிந்ததே. உறக்கம் கெட்ட மறுநாள் அதே வலி கூடுதலாக உறைக்கும் என்பதை எவரும் பொருட்படுத்துவதில்லை. இரவு இரண்டு மணிவரை கைப்பேசியில் முதுகுவலிக் காணொலி பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நாங்கள் தரும் முதல் மருந்து, அக்கைப்பேசியை அடுத்த அறையில் வைப்பது. எழும் நேரத்தை நாள்தோறும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். பகலில் நெடுநேரம் படுக்காதீர்கள். மெத்தையா, பாயா என்பதற்கு எங்களிடம் கண்டிப்பான விடையில்லை. கடினமான தரையில்தான் படுக்க வேண்டும் என்பதும் விதியன்று. உங்களுக்கு எதில் உறக்கம் வருகிறதோ அதில் படுங்கள். பக்கவாட்டில் படுப்போர் முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை வைத்துக்கொண்டால் பலருக்கு இதமாயிருக்கிறது.

இவ்விதழைப் படிக்கும் குடும்பத்தாரிடம் தனியாக ஒன்று சொல்ல விரும்புகிறோம். அன்பின் மிகுதியால் நோயாளியின் கையிலிருந்து எல்லா வேலைகளையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். "அம்மா, நீங்கள் சும்மா உட்காருங்கள், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்னும் சொல் அவருடைய முதுகுக்கு ஓய்வையும் மனத்துக்குத் தோல்வியையும் தருகிறது. காய் நறுக்குவதை அவருக்கே விடுங்கள். பாதி நேரம் நின்றும் பாதி நேரம் அமர்ந்தும் செய்யட்டும். "இன்று வலி எப்படி?" என்று மணிக்கொருமுறை கேட்பதைவிட, "கடைத்தெருவரை வருகிறீர்களா?" என்று கேட்பது மேல். மாறாக, 'ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்று மருத்துவரே சொல்லிவிட்டாரே' என்று குத்திக்காட்டவும் வேண்டா. ஒன்றுமில்லை என்பது ஆபத்தில்லை என்பதையே குறிக்கும், வலியில்லை என்பதையன்று.

இதுவரை எழுதியவை எல்லாம் ஆபத்தான காரணம் இல்லாத முதுகுவலிக்கே பொருந்தும். பெரும்பாலோரின் வலி அத்தகையதே. ஆனால் சிறுநீர் வெளியேறாமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலே கழிவது, மலத்தை அடக்க முடியாமை, அமரும்போது இருக்கையில் படும் பகுதி மரத்துப்போவது, இரு கால்களும் வலுவிழப்பது ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் இரவோ பகலோ உடனே அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும். நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறிகள் இவை. இங்கே காத்திருத்தல் நிலையான ஊனமாக முடியக்கூடும். பாதத்தை மேலே தூக்க இயலாமல் செருப்பு கழன்று விழுவதும் தாமதிக்கத் தக்கதன்று. மாலைக் காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, படுத்தாலும் தணியாத இரவு வலி ஆகியன இருப்பின் காசநோயையும் புற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் வாழும் நாடு இது. எலும்பில் தோன்றும் காசநோயில் ஏறத்தாழப் பாதி முதுகெலும்பையே தாக்குகிறது. உரிய மருந்தால் குணமாகக்கூடிய அந்நோயை, எண்ணெய் தேய்த்து ஆறு மாதம் கடத்திக் கூனாக்கிவிடுதல் பெருங்கொடுமை. முதியவர் வழுக்கி விழுந்த பின் தோன்றும் வலிக்கும் படம் வேண்டும். 45 வயதுக்குக் கீழுள்ள இளைஞருக்கு விடியலில் அரைமணி நேரத்துக்கு மேல் முதுகு இறுகி, நடமாடினால் தளர்ந்து, படுத்தால் கூடுமானால் அது முடக்குவாத வகையைச் சேர்ந்த அழற்சியாக இருக்கலாம். அதற்கெனத் தனி மருந்துகள் உள்ளன.

அறுவையை எதிர்த்து இதை எழுதவில்லை. நெதர்லாந்தில் 6 முதல் 12 வாரம்வரை கடுங்கால்வலியால் வருந்திய 283 பேரில் ஒரு பிரிவினருக்கு உடனே அறுவையும், மறுபிரிவினருக்குக் காத்திருந்து தேவைப்பட்டால் மட்டும் அறுவையும் என்று வகுத்த ஆய்வு 2007இல் வெளியானது. உடனே அறுவை செய்துகொண்டவர்களின் கால்வலி விரைவில் தணிந்தது. காத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் இடையில் அறுவைக்குச் சென்றனர். ஏனையோர் அதின்றியே தேறினர். ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தனர். ஆகவே நரம்பு வலுவிழக்காத நிலையில் அறுவை என்பது விரைவுக்கும் பொறுமைக்கும் இடையிலான தெரிவு. வலி தாங்க இயலாமல் வேலையை இழக்கும் நிலையிலுள்ள ஓட்டுநர் விரைவைத் தேர்ந்தால் அவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. காலுக்கு வலி பாயாமல், இடுப்பில் மட்டும் நெடுநாள் வலியுடையவருக்கு அறுவையின் பயன் இவ்வளவு தெளிவானதன்று. 'இரண்டாவது கருத்து' கேட்க விரும்பினால் எங்களிடமே கூறுங்கள்; வருந்த மாட்டோம்.

புதிய படம் எடுக்கச் சொன்னால், 'இதில் எது தெரிந்தாலும் சிகிச்சை மாறுமா?' என்று எங்களைக் கேளுங்கள். மாறாது என்பது விடையானால் அப்பணம் உங்களிடமே இருக்கட்டும். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளை, குறிப்பாக நரம்புவலிக்கான மாத்திரைகளை, இக்கட்டுரையைப் படித்த உற்சாகத்தில் நீங்களாகவே திடீரென நிறுத்திவிடாதீர்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டியவை அவற்றுள் உண்டு.

அடுத்த முறை வரும்போது ஒரு சிறு குறிப்பேடு கொண்டுவாருங்கள். அதில் நாள்தோறும் வலிக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுத வேண்டா. அன்று எத்தனை நிமிடம் நடந்தீர்கள், எத்தனை மணிக்கு உறங்கி எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், நெடுநாளாகச் செய்யாமலிருந்த எந்த வேலையை அன்று செய்து பார்த்தீர்கள் என்பவற்றை மட்டும் எழுதினால் போதும். எங்கள் இயன்முறை மருத்துவர் அந்த ஏட்டிலிருந்தே தொடங்குவார்.